பின்விளக்கு எரியவில்லையா? மின்சாரம் திரும்பும் வழியைப் பாருங்கள்

இவ்வாரப் பாடத்திற்குப் பாடநூல் வேண்டாம். வீட்டு வாசலில் நிற்கும் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று போதும். நம் நாட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. அப்பாவோ தாத்தாவோ ஓட்டும் ஹோண்டா ஈ.எக்ஸ்.5 போன்ற ஒரு கப்சாய், பக்கத்து வீட்டிலாவது கட்டாயம் இருக்கும். படிவம் இரண்டிலும் மூன்றிலும் நீங்கள் படிக்கும் மின்னியல் பாடம் ஏறக்குறைய முழுவதும் அந்த வண்டிக்குள் இருக்கிறது. ஓம் விதி, மின்திறன், மின்காந்தத் தூண்டல், உலோகங்களின் வினை என எல்லாவற்றையும் அதில் பார்க்கலாம்.

என் அப்பா பகலில் உறங்கி இரவில் காவல் வேலைக்குப் போகிறவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. விளக்குக் கம்பங்கள் அதிகம் இல்லாத சாலையில் தினமும் இருபது கிலோமீட்டர் போய் வருகிறார். கடந்த ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் காலை வீட்டுக்கு வந்தவர், தேநீரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். சந்திப்பு ஒன்றில் பிரேக் போட்டபோது பின்னால் வந்த லாரி கடைசி நொடியில் ஒதுங்கிப் போயிருக்கிறது. "முன்னால வண்டி நிக்கறது தெரியலப்பா அவனுக்கு," என்றார். பிரேக் விளக்கு எரியவில்லை.

அதற்கு முன் அந்த விளக்குக்காகவே இரண்டு முறை பட்டறைக்குப் போயிருந்தார். இரண்டு முறையும் பல்பை மாற்றித் தந்தார்கள். ஒரு வாரம் எரியும், பிறகு மங்கும், பிறகு அணைந்துவிடும். மூன்றாவது முறை போனபோது, "வயரிங் முழுசும் மாத்தணும், 250 ரிங்கிட்" என்றார்கள். அப்பா பணத்தை எடுத்து வைத்துவிட்டார். நான்தான் ஒரு சனிக்கிழமை மட்டும் அவகாசம் கேட்டேன்.

அன்று கண்ட காட்சியைச் சொல்கிறேன். விடையை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இயந்திரத்தை ஓட விடவில்லை. சாவியை மட்டும் திருப்பினேன். முகப்பு விளக்கின் சுவிட்ச் அணைந்த நிலையில் இருந்தது. பிரேக்கை மிதித்தேன். பின்னால் பிரேக் விளக்கு எரியவில்லை. ஆனால் முன்னால், வேகம் காட்டும் மீட்டருக்குள் இருக்கும் சின்ன விளக்கு எரிந்தது! பிரேக்கை விட்டால் அணைந்தது, மிதித்தால் எரிந்தது. பிரேக்குக்கும் மீட்டர் விளக்குக்கும் என்ன சம்பந்தம்?

இதை விளங்கிக்கொள்ள, முதலில் வண்டிக்குள் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். பழைய கப்சாய் வண்டிகள் பெரும்பாலானவற்றில் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் உள்ளன. பிரேக் விளக்கு, சிக்னல், ஹாரன் ஆகியவை பேட்டரியிலிருந்து நேர்மின்னோட்டத்தைப் பெறுகின்றன. முகப்பு விளக்கும், அதோடு எரியும் பின்விளக்கும் மீட்டர் விளக்கும் பேட்டரியைத் தொடுவதே இல்லை. இயந்திரத்தின் பக்கவாட்டு மூடிக்குள் சுழலும் சக்கரத்தில் காந்தங்கள் பதித்திருக்கும். அதனுள்ளே கம்பிச் சுருள்கள் அசையாமல் நிற்கும். காந்தம் சுருளைக் கடந்து சுழலும்போது சுருளில் மின்சாரம் தூண்டப்படுகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. காந்தத்தின் வட முனையும் தென் முனையும் மாறி மாறிக் கடப்பதால் கிடைப்பது மாறுமின்னோட்டம்.

நிறுத்தத்தில் நிற்கும்போது முகப்பு விளக்கு மங்கி, முறுக்கினால் பிரகாசமாவதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதைப் பழுது என்று நினைத்துப் பேட்டரியை மாற்றுகிறார்கள். அது பழுதல்ல. காந்தம் எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு அதிக மின்னழுத்தம் தூண்டப்படும். இத்தகைய வண்டியில் புதுப் பேட்டரி போட்டாலும் முகப்பு விளக்கு ஒரு துளிகூடக் கூடுதலாக எரியாது. மாறாக, நிற்கும்போது சிக்னல் சோம்பேறித்தனமாக மின்னி, முறுக்கினால் சரியாகிவிட்டால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம்.

ஆகவே எந்தப் பழுதையும் தேடத் தொடங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எரியாதவை எல்லாம் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது. ஹாரனும் சிக்னலும் பிரேக் விளக்கும் ஒன்றாகச் செத்திருந்தால் ஃபியூஸையும் பேட்டரியையும் பாருங்கள். முகப்பு, மீட்டர், பின்விளக்கு மூன்றும் ஒன்றாக இல்லையென்றால் சுருளையும் விளக்கு சுவிட்சையும் பாருங்கள். ஒரே ஒரு விளக்கு மட்டும் என்றால், அந்த விளக்குக்கு அருகிலேயே காரணம் இருக்கும். இந்த ஒரு கேள்வியே பாதி நேரத்தை மிச்சப்படுத்தும். அப்பாவின் வண்டியில் ஹாரனும் சிக்னலும் நன்றாக வேலை செய்தன. பழுது பின்விளக்குக் கூட்டுக்குப் பக்கத்தில்தான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அடுத்து பல்பு. பின்விளக்கு பல்பு ஒன்றுதான், ஆனால் அதற்குள் இழைகள் இரண்டு. எப்போதும் எரிவதற்கு 5 வாட் இழை, பிரேக்குக்கு 21 வாட் இழை. (சில வண்டிகளில் 18 வாட். பல்பின் உலோகப் பகுதியில் பொறித்திருக்கும்.) இரண்டு இழைகளுக்கும் மின்சாரம் வந்துசேரும் புள்ளிகள் வேறு. திரும்பிப் போகும் வழி மட்டும் ஒன்றே. பல்பின் உலோக உடல்தான் அந்தப் பொது வழி. அங்கிருந்து ஒரு வயர் வழியாக வண்டியின் இரும்புச் சட்டத்துக்கும், சட்டத்திலிருந்து பேட்டரியின் எதிர்முனைக்கும் மின்சாரம் திரும்புகிறது. பட்டறைகளில் இதைத்தான் எர்த் என்பார்கள். ஹோண்டா வண்டிகளில் எர்த் வயர் பச்சை நிறம். கறுப்பு வயரில் சாவி திருப்பியதும் 12 வோல்ட் வரும். யமஹாவில் கறுப்புதான் எர்த். ஆகவே ஒரு வண்டியில் பழகிய கையோடு இன்னொரு வண்டியைத் தொடாதீர்கள். நிறத்தை நம்பிக் கறுப்பைச் சட்டத்தோடு இணைத்து ஃபியூஸை எரித்தவர்களில் நானும் ஒருவன்.

மாணவர்களிடம் மின்சுற்று வரையச் சொன்னால் பேட்டரியிலிருந்து பல்பு வரை கோடு அழுத்தமாக வரும். பல்பிலிருந்து திரும்பும் கோடு ஏதோ கடமைக்கு வளைந்து சேரும். பழுது தேடுகிறவர்களும் இதே தவறைச் செய்கிறார்கள். மின்சாரம் வந்து சேர்கிறதா என்று பார்க்கிறார்கள், திரும்ப முடிகிறதா என்று பார்ப்பதில்லை.

பட்டறையில் மல்ட்டிமீட்டர் வைத்துத்தான் சோதித்தார்கள் என்று அப்பா சொன்னார். நானும் அதையே செய்தேன். பல்பைக் கழற்றிவிட்டு, பிரேக்கை மிதித்தபடி, ஹோல்டரின் நடுப்புள்ளிக்கும் அதன் உலோக உடலுக்கும் இடையே அளந்தேன். 12.3 வோல்ட். எல்லாம் சரி என்று சொல்லும் அளவு! மின்சாரம் வருகிறது, எர்த்தும் இருக்கிறது, எனவே பல்புதான் கெட்டது என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடுவார்கள்.

இங்குதான் ஓம் விதி உதவுகிறது. மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை. மல்ட்டிமீட்டருக்குள்ளே இருக்கும் மின்தடை மிகப் பெரியது. 1 மில்லியன் முதல் 10 மில்லியன் ஓம் வரை இருக்கும். 12 வோல்ட்டை 1 மில்லியனால் வகுத்துப் பாருங்கள். ஓடும் மின்னோட்டம் 0.000012 ஆம்பியர். வழியில் எங்கோ ஓர் இணைப்பு கெட்டு 500 ஓம் தடையாகி நின்றாலும், அதில் இழக்கப்படும் மின்னழுத்தம் 0.006 வோல்ட் மட்டுமே. மீட்டரில் அது தெரியவே தெரியாது. குழாயை மூடிவைத்துவிட்டுத் தண்ணீரின் அழுத்தத்தை அளப்பது போல. குழாய்க்குள் பாதி அடைத்திருந்தாலும் அழுத்தம் முழுமையாகவே காட்டும். திறந்துவிட்டால்தான் தண்ணீர் சொட்டுவது தெரியும்.

எனவே பல்பை மாட்டி, மின்னோட்டம் ஓடும்போது அளக்க வேண்டும். பல்பைத் திரும்ப மாட்டினேன். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையில் வைத்தேன். சிவப்பு முனையை ஹோல்டரின் உலோக உடலில் வைத்தேன். பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். இந்த இரு இடங்களும் ஒரே வயரின் இரு நுனிகள் மாதிரி. எர்த் நன்றாக இருந்தால் மீட்டரில் கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும், 0.2 வோல்ட் வந்தாலும் குற்றமில்லை. எனக்கு வந்தது 12 வோல்ட்! பேட்டரியின் முழு மின்னழுத்தமும் பல்பில் செலவாகாமல், பல்புக்குப் பிறகு எங்கோ நின்றுபோயிருந்தது.

மீட்டர் விளக்கின் மர்மமும் இங்கே அவிழ்ந்தது. பிரேக் இழையைக் கடந்த மின்சாரத்துக்கு எர்த் வழி அடைபட்டிருக்கிறது. ஆனால் அதே பல்புக்குள் 5 வாட் இழை அந்தப் பொது உடலோடு சேர்ந்தே இருக்கிறது. மின்சாரம் அதன் வழியே பின்பக்கமாக நுழைகிறது. அங்கிருந்து பின்விளக்கின் வயரில் முன்னோக்கி ஓடுகிறது. அந்த வயர் மீட்டர் விளக்கோடு இணைந்திருக்கிறது. மீட்டர் விளக்கின் எர்த் நன்றாக இருப்பதால் அதன் வழியே சட்டத்துக்கு இறங்கிவிடுகிறது. இப்போது பிரேக் இழை, 5 வாட் இழை, மீட்டர் விளக்கு மூன்றும் ஒரே தொடர் சுற்று. தொடர் சுற்றில் மின்தடை அதிகமுள்ள இடத்தில்தான் மின்னழுத்தம் அதிகமாகச் செலவாகும். சின்ன மீட்டர் விளக்கின் தடையே மூன்றிலும் பெரியது. ஆகவே அது எரிகிறது. மற்ற இரண்டு இழைகளும் சிவக்கக்கூட இல்லை.

ஒன்றைத் தொட்டால் சம்பந்தமில்லாத இன்னொன்று எரிவது, சிக்னல் போட்டால் பின்விளக்கு கூடவே துடிப்பது, இப்படிப் "பேய் பிடித்த" வண்டிகளில் பெரும்பாலும் பிடித்திருப்பது கெட்ட எர்த்தான். இதைப் பார்த்ததும் வயரிங் முழுவதையும் மாற்றச் சொல்கிறவரிடம், ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லுங்கள்.

உறுதிசெய்ய இன்னும் எளிய வழி உண்டு. இரண்டடி வயரை எடுத்து, ஒரு நுனியைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறு நுனியை ஹோல்டரின் உடலிலும் வைத்துப் பிடித்தேன். அப்பா பிரேக்கை மிதித்தார். சுவரெல்லாம் சிவந்தது. மல்ட்டிமீட்டர் இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனையே போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வயரின் நுனியைப் பேட்டரியின் நேர்முனையில் தவறியும் வைக்கக் கூடாது. அது குறுக்குச் சுற்று. வயர் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும், அருகிலேயே பெட்ரோல் இருக்கிறது.

இருக்கையைத் தூக்கி, பின்விளக்கிலிருந்து வரும் பச்சை வயரைக் கையால் தொடர்ந்தேன். மற்ற வயர்களோடு சேரும் இடத்தில் ஒன்றுக்குள் ஒன்று செருகும் சிறு பித்தளை இணைப்பு. மேலே இருந்த ரப்பர் உறை வெடித்திருந்தது. உறையை விலக்கியதும் உள்ளே பச்சைப் பச்சையாகப் பூத்திருந்தது களிம்பு. பாட்டி வீட்டுச் செம்புக் குடத்தில் புளி போட்டுத் தேய்ப்பார்களே, அதே களிம்புதான். செம்பும் செம்பு கலந்த பித்தளையும் ஈரத்திலும் காற்றிலும் நாள்பட வினைபுரிந்து உண்டாகும் சேர்மங்கள் அவை. உலோகம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், அதன் மேல் படியும் களிம்பு கடத்தாது. நம் ஊர் மழையும், சக்கரம் வாரி இறைக்கும் சேறும், வண்டியின் ஓயாத அதிர்வும் சேர்ந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செய்த வேலை.

புளி என்றதும் உங்களில் சிலருக்கு யோசனை போயிருக்கும். வேண்டாம். புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கும்தான். ஆனால் இணைப்பின் இடுக்கில் தங்கிவிடும் அமிலமும் ஈரமும் மறுபடி அரிக்கத் தொடங்கும். மெல்லிய உப்புத்தாளைச் சுருட்டித் தேய்த்தால் போதும்.

இனி, விளக்கு ஏன் முதலில் மங்கியது, ஏன் புதுப் பல்பு போட்டதும் சில நாள் எரிந்தது என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 12 வோல்ட், 21 வாட் பல்பில் ஓட வேண்டிய மின்னோட்டம் 21 ÷ 12 = 1.75 ஆம்பியர். எரியும்போது இழையின் மின்தடை 12 ÷ 1.75, அதாவது ஏறத்தாழ 6.9 ஓம். களிம்பு பிடிக்கத் தொடங்கிய காலத்தில் இணைப்பில் வெறும் 5 ஓம் தடை இருந்ததாகக் கொள்வோம். மொத்தம் 11.9 ஓம். மின்னோட்டம் 1 ஆம்பியருக்குக் குறைந்துவிடும். பல்புக்குக் கிடைப்பது 7 வோல்ட், மீதி 5 வோல்ட் களிம்பில் வெப்பமாக வீணாகும். பல்பின் மின்திறன் 21 வாட்டிலிருந்து ஏறத்தாழ 7 வாட்டாகிவிட்டது. வெளிச்சமோ அதைவிடவும் மோசமாகக் குறையும். இழையின் வெப்பநிலை இறங்க இறங்க, அது வெளியிடும் ஆற்றலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பங்கு சுருங்கிவிடுகிறது. மழையில், இரவில், பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு அந்த மங்கல் சிவப்பு, எப்போதும் எரியும் பின்விளக்காகத்தான் தெரியும். பிரேக் போட்டது தெரியாது.

பல்பு மாற்றும்போதெல்லாம் பட்டறையில் வயரை இழுத்து, ஆட்டி, திருகியிருப்பார்கள். அந்த அசைவில் களிம்பு கொஞ்சம் உதிர்ந்து உலோகமும் உலோகமும் ஒட்டியிருக்கும். எரிந்தது புதுப் பல்பினால் அல்ல. கழற்றிப் போட்ட பழைய பல்பை அப்பா பத்திரமாக வைத்திருந்தார். மாட்டிப் பார்த்தேன், பளிச்சென்று எரிந்தது.

பல்பை மல்ட்டிமீட்டரால் சோதிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 21 வாட் பல்பின் மின்தடை 6.9 ஓம் என்று இப்போதுதான் கணக்கிட்டோம். கையில் எடுத்து அளந்தால் 1 ஓம்கூட வராது. என் வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர், "சார், பல்பு ஷார்ட் ஆயிடுச்சு," என்று ஓடிவருவார். டங்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது அதன் தடை, எரியும்போது இருப்பதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். ஆயிரக்கணக்கான பாகை வெப்பத்தில் அணுக்களின் அதிர்வு கூடி எலக்ட்ரான்களின் ஓட்டத்துக்குத் தடையாக நிற்கிறது. மீட்டர் முடிவிலி காட்டினால் மட்டுமே இழை அறுந்திருக்கிறது என்று பொருள்.

முகப்பு விளக்கை அளக்கும்போதும் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். அது மாறுமின்னோட்டத்தில் எரிவது என்று பார்த்தோம். மீட்டரை நேர்மின்னோட்ட நிலையில் வைத்து அளந்தால் பூஜ்யத்தை ஒட்டியே காட்டும். உடனே சுருள் எரிந்துவிட்டது என்று முடிவுகட்டி, மூடியைப் பிரித்து எண்ணெயைக் கொட்டாதீர்கள். மீட்டரின் திருகியை மாறுமின்னோட்டத்துக்குத் திருப்புங்கள்.

முகப்பு பல்பு அடிக்கடி அறுந்துபோனால் கதை வேறு. வேகம் கூடக் கூடச் சுருளின் மின்னழுத்தம் ஏறிக்கொண்டே போகும் அல்லவா? அதை 14 வோல்ட்டை ஒட்டி நிறுத்திவைப்பது ரெகுலேட்டர் என்ற சிறு பெட்டி. அதற்கும் எர்த் வேண்டும். ரெகுலேட்டரோ அதன் எர்த்தோ கெட்டால், நெடுஞ்சாலையில் முறுக்கும்போது பல்புகள் வரிசையாகப் போகும். இன்னும் பழைய 6 வோல்ட் வண்டிகள் சிலவற்றில் விளக்குகளுக்கு ரெகுலேட்டரே கிடையாது. பல்புகள் இழுக்கும் மின்னோட்டமே மின்னழுத்தத்தைக் கட்டிவைத்திருக்கும். அங்கே ஒரு பல்பு அறுந்தால், சுமை குறைந்து மின்னழுத்தம் எகிறி, மற்றதும் பின்னாலேயே போய்விடும். அந்த வண்டிகளில் குறிப்பிட்ட வாட் பல்பையே போட வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

ஃபியூஸைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. ஃபியூஸ் போய்விட்டால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் செருகும் பழக்கம் இன்னமும் இருக்கிறது. வயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் மூன்று மடங்கானால் வெப்பம் ஒன்பது மடங்கு. ஃபியூஸ் உருகாவிட்டால் வயர் உருகும், அதற்குச் சற்று மேலே பெட்ரோல் தொட்டி. குறிப்பிட்ட ஆம்பியர் ஃபியூஸையே போடுங்கள். மறுபடி போனால் காரணத்தைத் தேடுங்கள். வேலை தொடங்கும் முன் சாவியை அணைத்து, பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். இயந்திரத்தை ஓடவிட்டுச் சோதிக்கும்போது மூடிய கொட்டகைக்குள் வேண்டாம், புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. படிவ மாணவர்கள் பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

நம் நாட்டில் 1992 முதல் மோட்டார் சைக்கிளோட்டிகள் பகலிலும் முகப்பு விளக்கை எரியவிட்டே ஓட்ட வேண்டும். முன்விளக்கு எரிகிறதா என்று ஓட்டுநருக்கே தெரிந்துவிடும். பின்விளக்கும் பிரேக் விளக்கும் அப்படி அல்ல. ஓட்டுகிறவர் அவற்றைப் பார்க்கவே முடியாது. இன்றிரவு வீட்டிலிருந்து யாராவது கிளம்பும்போது வண்டிக்குப் பின்னால் போய் நில்லுங்கள். கைப்பிடி பிரேக்கை ஒருமுறை, கால் பிரேக்கை ஒருமுறை போடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் தனித்தனி சுவிட்ச் இருப்பதால் ஒன்று வேலை செய்து மற்றது செய்யாமல் இருக்கலாம். மங்கலாக எரிந்தாலும் மேலே சொன்னபடி எர்த்தைச் சோதியுங்கள்.

அப்பாவின் வண்டியில் அந்த இணைப்பைத் தேய்த்து, இறுக்கிச் செருகி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவி, புது ரப்பர் உறை போட்டேன். செலவு, உறைக்கும் உப்புத்தாளுக்கும் சேர்த்து மூன்று ரிங்கிட். மறுபடி அளந்தபோது ஹோல்டர் உடலில் 0.1 வோல்ட் காட்டியது. மீட்டர் விளக்கு இப்போது பிரேக்கோடு எரிவதில்லை. அப்பா மட்டும் பழக்கம் விடாமல், கிளம்பும் முன் பிரேக்கை மிதித்து, சுவரில் சிவப்பு விழுகிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.